பெப்பர்காகோர்: சுவீடனின் கிறிஸ்துமஸ் இஞ்சி பிஸ்கட்டின் வரலாறு

பெப்பர்காகோர் என்பது சுவீடன் நாட்டில் கிறிஸ்துமஸ் காலத்தில் சுடப்படும், மசாலா மணம் கொண்ட, மெல்லிய பழுப்பு நிற பிஸ்கட் ஆகும். ஒருமையில் இதைப் பெப்பர்காகா என்பர். சுவீடிய மொழியில் 'பெப்பர்' என்றால் மிளகு, 'காகா' என்றால் அப்பம் அல்லது பிஸ்கட். ஆனால் இன்று சுடப்படும் பெரும்பாலான பெப்பர்காகோரில் மிளகு கிடையாது. கறுவாப்பட்டை, இஞ்சித்தூள், கிராம்பு, சில வீடுகளில் ஏலக்காய் ஆகியவையே சேர்க்கப்படுகின்றன. இதே பெயரில் மிருதுவான கேக் ஒன்றும் அங்கு உண்டு. எனினும் டிசம்பர் மாதத்தில் பெப்பர்காகோர் என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது மொறுமொறுப்பான பிஸ்கட்டே.

இதைத் தொன்றுதொட்டு வரும் வீட்டுப் பலகாரம் என்று சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. பெயர் இடைக்காலத்தைச் சேர்ந்தது. ஆனால் அம்மாவும் பிள்ளைகளும் அடுக்களையில் மாவைத் தேய்த்து, அச்சால் வெட்டிச் சுடும் வழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் பெப்பர்காகா மடங்களிலும் மருந்துக் கடைகளிலும்தான் வாழ்ந்தது.

பெயரும் மசாலாவும்

இடைக்கால வட ஐரோப்பாவில் கிழக்கிலிருந்து வந்த விலையுயர்ந்த வாசனைப் பொருள்கள் பலவற்றுக்கும் மிளகு என்பது பொதுப்பெயர் போலவே வழங்கியது. ஒரே வகைப் பண்டத்துக்கு ஆங்கிலேயர் இஞ்சியின் பெயரையும், பிரெஞ்சுக்காரர் 'மசாலா ரொட்டி' என்ற பெயரையும், ஜெர்மானியரும் சுவீடியரும் மிளகின் பெயரையும் வைத்தனர்.

இந்தச் சொற்களின் வேரைத் தேடினால் தமிழ் வாசகர் தம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கே வந்து சேர்வார். 'பெப்பர்' என்பது இலத்தீன், கிரேக்கம் வழியாக, திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லுக்குச் செல்கிறது. திப்பிலியின் பெயர் மேற்கே போய் மிளகின் பெயராக மாறிவிட்டது. இஞ்சிக்குச் சுவீடிய மொழியில் 'இங்கெஃபேரா' என்று பெயர். இது ஜெர்மன், இலத்தீன், கிரேக்கம் என்று பின்னோக்கிச் சென்று, பாலி மொழியின் 'சிங்கிவேர' என்ற சொல்லை அடைகிறது. அதன் மூலம் 'இஞ்சி', 'வேர்' என்ற திராவிடச் சொற்களே என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர்.

பொருள்களும் ஏறத்தாழ அதே வழியில்தான் பயணம் செய்தன. மலபார்க் கரையின் மிளகும் இஞ்சியும், இலங்கையின் கறுவாவும் அரபு வணிகர்களின் கப்பல்களில் செங்கடலைக் கடந்து அலெக்சாந்திரியாவை அடைந்தன. அங்கிருந்து வெனிஸ், பின் ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டி நியூரம்பெர்க், வடக்கே லூபெக். லூபெக்கின் ஹான்சா வணிகர்கள் அவற்றைப் பால்டிக் கடல் வழியே சுவீடனுக்குக் கொண்டுவந்தனர். தேனும் மாவும் மசாலாவும் கலந்து ரொட்டி செய்யும் முறையும் ஜெர்மனியிலிருந்து இதே வணிகத் தொடர்பின் மூலமே வந்தது.

மருந்தாக இருந்த காலம்

சுவீடனில் பெப்பர்காகாவைப் பற்றிய மிகப் பழைய குறிப்பாகப் பொதுவாகக் காட்டப்படுவது வாட்ஸ்டேனா மடத்தைச் சேர்ந்தது. வெட்டர்ன் ஏரிக்கரையில் உள்ள இம்மடம் புனித பிரிகித்தா தோற்றுவித்த துறவற சபையின் தலைமை இல்லம். 1444ஆம் ஆண்டில் இங்கிருந்த கன்னியர்கள் செரிமானக் கோளாறுக்காகப் பெப்பர்காகோர் சுட்டதாகக் கூறப்படுகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி என்று வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இல்லை.

அக்கால ஐரோப்பிய மருத்துவம் உடலில் நான்கு நீர்மங்கள் இருப்பதாகவும், அவற்றின் சமநிலை குலைந்தால் நோய் வரும் என்றும் கருதியது. கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும் உடையது. அது மிகுந்தால் மனச்சோர்வு உண்டாகும். மசாலாப் பொருள்கள் சூடு தருபவை, ஆகவே அவை மாற்று மருந்து. டென்மார்க்கின் மன்னராகவும் 1497 முதல் 1501 வரை சுவீடனின் மன்னராகவும் இருந்த ஹான்ஸ் மனச்சோர்வால் வாடியபோது, மருத்துவர்கள் அவருக்குப் பெப்பர்காகோர் தரச் சொன்னார்கள் என்று ஒரு மரபுக்கதை உண்டு. கதை எந்த அளவுக்கு உண்மையோ, அக்காலத்தவர் காதில் அது விந்தையாக ஒலித்திருக்காது. 'பெப்பர்காகா தின்றால் நல்ல பிள்ளை ஆகலாம்' என்று சுவீடியர் இன்றும் குழந்தைகளிடம் சொல்கிறார்கள். உணவு மனத்தை மாற்றும் என்ற அந்தப் பழைய நம்பிக்கையின் எச்சமாக இதைக் கொள்ளலாம்.

மதச் சீர்திருத்தத்துக்குப் பின் மடங்கள் நலிந்தன. வாட்ஸ்டேனா 1595இல் மூடப்பட்டது. மருந்துக் கடைகளிலும் சந்தைகளிலும் பெப்பர்காகா தொடர்ந்து விற்கப்பட்டது. அப்போதைய பெப்பர்காகா இன்றுள்ளது போல் மெல்லியதல்ல. செதுக்கிய மர அச்சுகளில் அழுத்தி எடுக்கப்பட்ட, தடித்த தேன்ரொட்டி அது.

மசாலா வணிகத்தில் நேரடியாக இறங்கச் சுவீடனும் முயன்றது. 1731இல் சுவீடிய கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் கப்பல் ஒன்று 1733இல் சோழமண்டலக் கரையின் பரங்கிப்பேட்டைக்கு வந்து பண்டகசாலை அமைத்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரரும், வழக்கமான பகையை ஒதுக்கிவைத்து, ஒன்றாகப் படை அனுப்பி அதைக் கைப்பற்றினர். அதன்பின் கம்பெனியின் கப்பல்கள் பெரும்பாலும் சீனாவின் கான்டனுக்கே சென்றன. இலங்கைக் கறுவா டச்சுக்காரர் கையிலேயே இருந்தது.

அடுக்களைக்கு வந்த விதம்

ஏழை வீடுகளுக்கும் பெப்பர்காகாவைக் கொண்டுசேர்த்தவை மூன்று: மலிவான சர்க்கரை, இரும்பு அடுப்பு, சமையல் சோடா.

தேன் விலை கூடிய பொருள். சர்க்கரை ஆலைகள் பெருகியபோது, சுத்திகரிப்பில் மிஞ்சும் பாகு குறைந்த விலையில் கிடைத்தது. தேனின் இடத்தை அந்தப் பாகு பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் தென் சுவீடனின் ஸ்கோனே பகுதியில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கத் தொடங்கியதும் விலை இன்னும் இறங்கியது.

அதைவிடப் பெரிய மாற்றம் அடுப்பில் நிகழ்ந்தது. பழைய கிராம வீடுகளில் செங்கல் அடுப்பை ஆண்டில் சில முறையே முழுச் சூட்டுக்கு மூட்டி, மாதக்கணக்கில் கெடாத ரொட்டியை மொத்தமாகச் சுட்டு வைப்பார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பிஸ்கட்டை அதில் கருகாமல் எடுப்பது கடினம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய இரும்பு அடுப்பில் சிறிய சூளை அறை இருந்தது. வேண்டிய நாளில், வேண்டிய அளவு சுடலாம். முன்பு மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷைக் கொண்டு மாவை உப்பவைத்தவர்களுக்குச் சமையல் சோடாவும் கடையில் கிடைத்தது.

செய்முறை எளிது, ஆனால் அவசரப்பட்டால் கெட்டுவிடும். பாகு, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் சூடாக்கி, மசாலாத் தூளும் சோடாவும் மாவும் சேர்த்துப் பிசைந்து, ஓர் இரவு குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் வெண்ணெய் இறுகி, மாவு ஈரத்தை உள்வாங்கி, மெல்லியதாகத் தேய்க்க வரும். 175 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஐந்து நிமிடம் போதும். ஒரு நிமிடம் கூடினால் கசப்பு ஏறிவிடும். தகர அச்சுகளில் இதயம், விண்மீன், மனித உருவம், ஆடு, பன்றி ஆகிய வடிவங்கள் வழக்கம். பன்றி கிறிஸ்துமஸ் விருந்தின் இறைச்சியை நினைவூட்டுவது. வைக்கோலில் ஆடு செய்து வைப்பது சுவீடனின் பழைய கிறிஸ்துமஸ் வழக்கம்.

வீட்டு வழக்கம் நிலைபெற்ற சில தலைமுறைகளிலேயே தொழிற்சாலையும் வந்தது. 1929இல் ஸ்டாக்ஹோம் அருகே அன்னா, எம்மா என்ற சகோதரிகள் தொடங்கிய பேக்கரி, 'அன்னாஸ் பெப்பர்காகோர்' என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் நிறுவனமாக வளர்ந்து, 2008இல் பெல்ஜியத்தின் லோட்டஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கடையில் ஆண்டு முழுவதும் கிடைத்தாலும், டிசம்பரில் வீட்டில் ஒரு முறையேனும் சுட்டாக வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் மாறவில்லை.

டிசம்பர் 13, புனித லூசியா நாளில் ஊர்வலம் செல்லும் பிள்ளைகளில் சிலர் பெப்பர்காகா மனிதன் போலப் பழுப்பு உடை அணிவர். பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து, மனத்தில் ஒன்றை வேண்டிக்கொண்டு, விரல் முட்டியால் தட்டுவது ஒரு விளையாட்டு. மூன்று துண்டாக உடைந்தால் வேண்டியது நடக்கும்.

பெப்பர்காகா வீடு கட்டும் வழக்கமும் ஜெர்மனியிலிருந்து வந்ததே. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஹான்சல், கிரேட்டல் கதையில் வரும் தின்னக்கூடிய வீடு அதைப் பரப்பியது. சுவர்களையும் கூரையையும் தனித்தனியே சுட்டு, உருக்கிய சர்க்கரையால் ஒட்டுவார்கள். கை சுடாமல் இதைச் செய்து முடிப்பவர் குறைவு. மூன்று நான்கு வாரம் மேசைமேல் நிற்கும் அந்த வீட்டை, கிறிஸ்துமஸ் மரத்தை அகற்றும் ஜனவரி 13, புனித நூட் நாளன்று பிள்ளைகள் உடைப்பார்கள். அதற்குள் அது கல்லாகியிருக்கும், தூசியும் படிந்திருக்கும். ஆனாலும் ஒரு துண்டும் மிஞ்சாது.