மின்னணுப் பதிவுகளின் நெடுங்காலக் காப்பும் மீட்பும்

மருந்து உற்பத்தி, மருத்துவ ஆய்வு, நிதி, விமானம் முதலிய அரசுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொழில்களில் உண்டாகும் மின்னணுப் பதிவுகளை, சட்டம் விதித்த காலம் முடியும்வரை சிதையாமல் வைத்திருந்து, கேட்கும்போது முழுப்பொருளோடு திறந்து காட்டும் ஏற்பாடே நெடுங்காலக் காப்பு. அன்றாட பேக்கப் இதிலிருந்து வேறுபட்டது. நேற்றுப் பழுதான கணினியை இன்று ஓடவைப்பது பேக்கப்பின் வேலை. காப்பகமோ, அந்தக் கணினியே வழக்கொழிந்த பிறகும் சான்று சொல்லியாக வேண்டும். ஆகவே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு காப்பகத்தை மதிப்பிட முடியாது. எடுத்ததைப் படிக்க முடிகிறதா என்பதே அளவுகோல்.

விதிகளும் இதையே கேட்கின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 1997ஆம் ஆண்டு மின்பதிவு விதி, காப்புக்காலம் முழுவதும் பதிவுகளைத் துல்லியமாகவும் தடையின்றியும் எடுக்க முடிய வேண்டும் என்கிறது. 2011இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய நல்லுற்பத்தி முறை (ஜி.எம்.பி.) வழிகாட்டியின் 11ஆம் இணைப்பு, கணினியோ மென்பொருளோ மாறினால் பழைய தரவு வருகிறதா என்று சோதிக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 536/2014 சட்டப்படி, மருத்துவ ஆய்வின் முதன்மைக் கோப்பு ஆய்வு முடிந்தபின் குறைந்தது 25 ஆண்டுகள் முழுமையாகவும் படிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 7ஆம் பிரிவின் போக்கும் இதுவே: பதிவு பின்னாளில் எடுத்துப் பார்க்கத் தக்கதாக, உருவான வடிவிலோ அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும்.

25 ஆண்டு என்பது கணினிக்குப் பல தலைமுறை. காப்பகங்களில் பரவலாகப் புழங்கும் எல்.டி.ஓ. காந்த நாடாவில், ஏழாம் தலைமுறைவரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறை டிரைவ் முந்தைய ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டது. 2012இல் வந்த ஆறாம் தலைமுறை நாடாவை அது படிக்காது. நாடா கெடவில்லை, படிக்கும் கருவிதான் மாறிவிட்டது. நாடாவைப் படித்துவிட்டாலும், கோப்பைத் திறக்கும் மென்பொருளும் அளவு அலகுகளும் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தணிக்கைத் தடமும் இல்லாவிட்டால் எஞ்சுவது வெறும் எண்கள். விண்வெளித் தரவுகளைக் காக்கும் முயற்சியில் பிறந்து, 2003இல் ஐ.எஸ்.ஓ. 14721 ஆன ஓ.ஏ.ஐ.எஸ். மாதிரி, தரவோடு அதைப் பொருள்கொள்ள உதவும் விளக்கத்தையும் சேர்த்தே கட்டிவைக்கச் சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றையும் அச்சிட்டோ பி.டி.எஃப். ஆக்கியோ வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. உள்ளடக்கமும் பொருளும் குலையாதவரை தாளுக்கும் பி.டி.எஃப்.புக்கும் ஆட்சேபம் இல்லை என்று அமெரிக்க நிர்வாகமே 2003 வழிகாட்டுதலில் சொன்னது. பயிற்சிச் சான்று போன்றவற்றுக்கு அது போதும். மருந்தில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி தரும் குரோமட்டோகிராம் என்ற வரைபடம் அப்படியல்ல. மாசைக் காட்டும் சிறு முகடு கணக்கில் சேர்ந்ததா, விடுபட்டதா என்பது அடிக்கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. மூலத்தரவு இருந்தால் தணிக்கை செய்பவர் கோட்டை மாற்றிப்போட்டு மறுபடி கணக்கிடலாம். அச்சுத்தாளில் முடிவு மட்டுமே இருக்கும். அதே நிர்வாகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இத்தகைய பதிவுகளைத் தனியே பிரித்து, மறுபடி கையாளத்தக்க இயல்போடு காக்கச் சொல்கிறது.

பழைய கணினியையே பூட்டிவைக்கலாம் என்பது இன்னொரு யோசனை. சில ஆண்டு அது உதவும். பிறகு உதிரிபாகம் கிடைக்காது, இயக்கத் தெரிந்தவரும் ஓய்வு பெற்றுவிடுவார். புதிய வடிவுக்குப் பெயர்ப்பதே நெடுநாள் தாங்கும் வழி. ஆனால் பெயர்த்தால் பிட்டுகள் மாறும், அவற்றிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணான ஹாஷ் பொருந்தாது, மின்கையொப்பம் செல்லாததாகத் தெரியும். ஆகவே பெயர்க்கும் முன்பே கையொப்பத்தைச் சரிபார்த்து, யார், எந்தக் கருவியால் பெயர்த்தார், மூலத்தோடு எப்படி ஒப்பிட்டார் என்பதையும் உடன்வைக்க வேண்டும். மாறாத கோப்புக்கு இது ஈடாகுமா? அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 1997 முதல் தரகு நிறுவனங்களின் மின்பதிவுகளுக்குத் திருத்தவும் அழிக்கவும் முடியாத சேமிப்பையே விதித்திருந்தது; 2022இல், மாற்றங்களை முழுமையாகக் காட்டும் தணிக்கைத் தடத்தையும் மாற்றுவழியாக ஏற்றது. மாற்றத்தின் கணக்கு ஒழுங்காக இருந்தால் பதிவு நம்பத்தக்கதே என்பதற்கு இது சான்று.

எஞ்சுவது செலவு. எல்லாப் பதிவுக்கும் ஒரே கவனம் வேண்டியதில்லை. நோயாளியின் பாதுகாப்பைத் தொடுவதற்கு அதிகமும் மற்றதற்குக் குறைவும் போதும், காலம் முடிந்ததை ஒப்புதலோடு அழித்துவிடலாம். தவிர்க்கக் கூடாதது மீட்பு ஒத்திகை. குறித்த இடைவெளியில் சில பதிவுகளை, அவற்றை உருவாக்காத ஒருவர் தனிக் கணினியில் மீட்டு, பழைய முடிவு அதே எண்ணாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது குறை தெரிந்தால், மூலக் கருவியும் அதை அறிந்தவரும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். தணிக்கைக்கு வந்தவர் கேட்கும் நாளில் தெரிந்தால், அந்த இரண்டும் இருக்காது.