முடிவை மாற்றிய படம்
வியட்நாம் யுத்தத்தைப் படிப்பிக்கும்போது நாம் பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிறோம். எந்தப் படம் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், சகோதரர்களே.

கிரஹாம் கிரீன் 1955இல் எழுதிய 'த குவைட் அமெரிக்கன்' நாவலில், பொருளாதார உதவி என்ற போர்வையில் சைகோனுக்கு வரும் பைல் என்ற அமெரிக்க இளைஞன்தான் குண்டுவெடிப்புக்குப் பின்னால் நிற்கிறான். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறான், அதுதான் பயங்கரம்.

1958இல் மேன்கீவிச் எடுத்த படத்திலோ அந்த அமெரிக்கன் அப்பாவி. பழி கம்யூனிஸ்டுகள் தலையில். போதாததற்கு, தென் வியட்நாம் ஜனாதிபதி தியெமுக்குச் சமர்ப்பணம் வேறு! கிரீன் கொதித்துப் போனார்.

பிலிப் நொய்ஸின் 2002 படத்தில் பைலின் குற்றம் திரும்பி வந்தது. ஆனால் 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதை வெளியிட விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். நடிகர் மைக்கல் கெய்ன் விடாப்பிடியாக நின்ற பிறகே டொரொண்டோ விழாவில் திரையிட்டார்கள்.