மினமாட்டா கடல் சொல்லும் பாடம்



கடலைப் பற்றி விவசாயியிடம் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நம்ம வயல் வடிகால் வாய்க்காலில் விழுது, வாய்க்கால் ஆற்றில் விழுது, ஆறு கடலில் போய்ச் சேருது. வயலில் தெளித்த மருந்தானாலும் சரி, ஆலையிலிருந்து திறந்துவிட்ட கழிவானாலும் சரி, போய்ச் சேரும் இடம் கடல்தான். ‘அவ்வளவு பெரிய கடலில் இது எந்த மூலைக்கு?’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அப்படிச் சொல்லி ஒரு ஊர் பட்ட பாட்டை இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அந்த ஊர் ஜப்பானின் தெற்கே, க்யூஷு தீவில் இருக்கும் மினமாட்டா. எதிரே தீவுகள் சூழ்ந்திருப்பதால் அங்கே கடல் ஏரி மாதிரி அமைதியாக இருக்கும். கரையோரக் குப்பங்களில் மூன்று வேளையும் மீன்தான் சாப்பாடு. 1908ல் அங்கே ஒரு கம்பெனி வந்தது. ரசாயன உரம் செய்த கம்பெனி அது. பின்னாளில் அதன் பெயரே சிஸ்ஸோ என்றானது. ஜப்பானிய மொழியில் சிஸ்ஸோ என்றால் நைட்ரஜன், அதாவது நம்முடைய தழைச்சத்து.

ஆலைக் கழிவால் மீன்பாடு குறைகிறது என்று மீனவர்கள் ஆரம்பத்திலேயே முறையிட்டார்கள். 1926லும் 1943லும் கம்பெனி ஏதோ நஷ்டஈடு கொடுத்து அவர்கள் வாயை அடைத்தது. இதற்கிடையில், 1932ல் அசிடால்டிஹைடு என்ற ரசாயனத்தை அங்கே செய்யத் தொடங்கினார்கள். அதற்குப் பாதரசம் வேண்டும். அந்த வேலை நடக்கும்போதே பாதரசத்தில் ஒரு பகுதி மெத்தில் பாதரசம் என்ற கொடிய விஷமாக மாறியது. அது கழிவுநீரோடு கலந்து விரிகுடாவில் போய் விழுந்தது. முப்பத்தாறு வருஷம் இப்படியே நடந்தது.

இந்த விஷம் கடலுக்குள் என்ன செய்கிறது? தண்ணீரில் இருக்கும்போது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. நுண்ணிய பாசியில் துளி ஏறும். பாசியைத் தின்னும் சின்ன உயிர்களிடம் அது சேரும். அவற்றைப் பொடிமீன் தின்னும், பொடிமீனைப் பெரிய மீன் தின்னும். உள்ளே போன விஷம் லேசில் வெளியே வராது. வட்டிக்கு வட்டி ஏறுவது போல ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பெரிய மீனின் சதையில் இருப்பது தண்ணீரில் இருந்ததைப் போல லட்சக்கணக்கான மடங்கு. கழுவினாலும் போகாது, குழம்பு வைத்தாலும் போகாது. சதையோடு சதையாக ஒட்டிக்கொண்ட விஷம் அது.

1950ஆம் வருஷத்தை ஒட்டி அடையாளங்கள் தெரிய ஆரம்பித்தன. மீன்கள் நீந்த முடியாமல் மேலே மிதந்தன, கையாலேயே பிடிக்கலாம். சிப்பிகள் வாய் பிளந்து செத்தன. பறந்துகொண்டிருந்த பறவைகள் கீழே விழுந்தன. பிறகு பூனைகளுக்கு வந்தது. வலையை எலி கடிக்காமல் இருக்க மீனவர்கள் வீட்டுக்கு வீடு பூனை வளர்த்தார்கள். மிஞ்சின மீன்தான் அதற்குத் தீனி. அந்தப் பூனைகள் சுற்றிச் சுற்றி ஓடி, சுவரில் முட்டி, வலிப்பு வந்து செத்தன. ஒரு குப்பத்தில் பூனைகளே இல்லாமல் போய், எலி பெருகிவிட்டது என்று 1954ல் பத்திரிகையில்கூடச் செய்தி வந்தது. கொட்டிலில் ஒரு மாடு தீனி எடுக்கவில்லை என்றால் நாம் சும்மா இருப்போமா? அங்கே கேட்க ஆள் இல்லை.

1956 ஏப்ரலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஆலையின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. இரண்டு நாளில் அவள் தங்கைக்கும் அதே கதி. ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் ஹோசோகாவா, மே 1ஆம் தேதி இதை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தார். அந்த வருஷக் கடைசிக்குள் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் இது தொற்றுநோய் அல்ல, மீனிலும் சிப்பியிலும் இருக்கும் உலோக விஷம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எல்லா மீனும் விஷம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, 1957ல் மேலிடம் மீன்பிடிப்புக்குத் தடை போட மறுத்துவிட்டது. ஜனங்கள் அதே மீனைத்தான் பிடித்தார்கள், தின்றார்கள்.

1959ல் டாக்டர் ஹோசோகாவா ஆலையின் கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். சோதனைக் கணக்கில் அது 400ஆம் நம்பர் பூனை. அக்டோபரில் அதற்கு அதே நோய் வந்தது. கம்பெனி அந்த முடிவை வெளியே விடவில்லை. அதே வருஷம் டிசம்பரில் நோயாளிகளுக்குச் சொற்பப் பணம் கொடுத்து, ‘நாளைக்கு ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்கமாட்டோம்’ என்று எழுதி வாங்கிக்கொண்டது. விஷக் கழிவோ இன்னும் எட்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1968 மே மாதம்தான் நின்றது. செப்டம்பரில்தான் அரசாங்கமும் ஆலைதான் காரணம் என்று ஒத்துக்கொண்டது.

இதில் தாய்மார்கள் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. தாய்க்கு நோய் அவ்வளவாகத் தெரியாது, பிறந்த குழந்தைக்கோ கை கால் விளங்காது. தாயின் உடம்பில் இருந்த விஷம் கருவுக்கு இறங்கிவிட்டது. ஜப்பானியர்கள் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். நம்ம ஊரில் தாயத்தில் அடைத்துக் கட்டுகிறோமே, அதுபோல. பிற்பாடு அந்தக் கொடிகளைச் சோதித்தபோது அவற்றிலும் மெத்தில் பாதரசம் இருந்தது.

1970ல் டாக்டர் ஹோசோகாவா நோயாளியாகப் படுக்கையில் கிடந்தபடியே பூனைச் சோதனையைப் பற்றிச் சாட்சி சொன்னார். சில மாதத்தில் இறந்தும் போனார். 1973ல் கோர்ட்டு கம்பெனிதான் பொறுப்பு என்றது. எழுதி வாங்கின பத்திரம் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2004ல். நோயாளிகள் என்று அரசாங்கக் கணக்கில் ஏறியவர்கள் மட்டும் 2,200 பேருக்கு மேல்.

கடலைச் சுத்தம் செய்த கதையையும் கேளுங்கள். விஷ மீன் வெளியே போகாதபடி 1974ல் விரிகுடா வாயில் வலை கட்டினார்கள். அதை அவிழ்த்தது 1997ல். 1977 முதல் 1990 வரை அடியில் கிடந்த சேற்றை வாரினார்கள், சுமார் 15 லட்சம் கனமீட்டர். அதைக் கொட்டி மூடிய இடம் 58 ஹெக்டேர், நம் கணக்கில் 143 ஏக்கர்.

பாதரசம் நமக்கும் புதிதல்ல. கரும்புக் கரணையைப் பாதரச மருந்தில் நனைத்து நட்டது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மருந்து இதே மெத்தில் பாதரசம் அல்ல. ஆனாலும் பாதரசம் எந்த உருவில் போனாலும், நீரடிச் சேற்றில் இருக்கும் நுண்கிருமிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றக்கூடும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்த ஒப்பந்தத்துக்கு மினமாட்டா என்றே பெயர். 2018ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. மீத்தாக்சி எத்தில் மெர்குரி குளோரைடு என்ற அந்தக் கரணை மருந்தும் அதே வருஷம் இங்கே தடை செய்யப்பட்டது. பழைய டப்பா உங்கள் பரணில் கிடந்தால் வாய்க்காலில் கொட்டாதீர்கள், குழிதோண்டியும் புதைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள்.

மீன் சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாய்க்காலில் மீன் மிதந்தாலோ, குளத்து நண்டு செத்து ஒதுங்கினாலோ, ‘ஏதோ நோக்காடு’ என்று விட்டுவிடாதீர்கள். ஆடு மாடுகளை அந்தத் தண்ணீரில் இறக்காதீர்கள், செத்த மீனை எடுத்துச் சமைக்காதீர்கள். அன்றைக்கே நாலு பேராகப் போய் அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். மினமாட்டாவில் பூனைகள் செத்தபோதே விசாரித்திருந்தால், அந்தப் பிள்ளைகளில் பல பேர் நடமாடியிருப்பார்கள்.