நத்தார் தாத்தாவின் கோடரியும் நாலு தொடர்ச்சிகளும்

1984 நவம்பரில் 'சைலன்ட் நைட், டெட்லி நைட்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் கோடரியோடு வந்த நத்தார் தாத்தாவைக் கண்ட பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். ட்ரைஸ்டார் நிறுவனம் விளம்பரத்தை நிறுத்தியது, பிறகு படத்தையும் எடுத்துவிட்டது. அந்தச் சண்டை மட்டும் நடக்காவிட்டால் இதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? 1991க்குள் நாலு தொடர்ச்சிகள் வந்துவிட்டன.

அதுகளில் ஆக மோசம் எது? இரசிகர்கள் கனபேர் 1987இல் வந்த இரண்டாம் பாகத்தைக் காட்டுவார்கள். கிட்டத்தட்ட அரைவாசி முதற்படத்தின் காட்சிகள்தான். பச்சைக் களவு! ஆனா குப்பைவாளியோடு வெளியே வாற மனுசனைப் பார்த்து எரிக் ஃப்ரீமன் "குப்பை நாள்!" என்று கத்திச் சுடுற கட்டத்துக்கு, எத்தனை தரம் பார்த்தாலும் எங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்க வைக்கிற படம் எப்படி ஆக மோசமாகும்?

எங்களைக் கேட்டால் 1989இன் மூன்றாம் பாகம்தான். 'டூ-லேன் பிளாக்டொப்' எடுத்த மொன்டி ஹெல்மன் இயக்கியும் கொட்டாவிதான் மிச்சம். நாலாவதில் கொலைகார நத்தார் தாத்தாவே இல்லை, சூனியக்காரிகள்தான். அதுக்கு ஒரு துணிவு வேணும். ஐந்தாவதில் பொம்மை செய்கிற கிழவனாக வாறவர் மிக்கி ரூனி. முதற்படத்தைக் கண்டித்தவர்களில் அவரும் ஒருவர்.