சர்ப்பகந்தா வேரும் ஹகீம் அஜ்மல் கானின் பெயரும்

மனித இருதயம் ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கின்றது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் மின்னேற்றத் துகள்கள் இருதயச் செல்களுக்குள் புகுவதும் வெளியேறுவதுமே இத்துடிப்பைத் தூண்டும் மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. அவ்வோட்டம் தடுமாறினால் துடிப்பு தாறுமாறாகும். சிலருக்குப் பக்கவாதமும், சில வேளைகளில் திடீர் மரணமும் நேரக்கூடும். இக்கோளாறுக்கான மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டு யூனானி மருத்துவர் ஒருவரின் பெயர் நிலைபெற்றிருப்பதை நம்மில் பலர் அறியார்.

பச்சிலையில் தொடங்கிய வரலாறு

பதினொன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு சீனா இருதய மருந்துகளைப் பற்றித் தனியொரு நூல் இயற்றினார். 1785-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், டிஜிட்டாலிஸ் செடியின் இலை குறித்த தம் ஆய்வை வெளியிட்டார். நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியில் 1860-களில் மலேரியாவுக்காகச் சிங்கோனா மரங்கள் பயிரிடப்பட்டன. அம்மரப்பட்டையின் கொய்னா மருந்து சிலருடைய இருதயப் படபடப்பையும் அடக்குவது பின்னர் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. அதே பட்டையில் உள்ள குவினிடின் இதற்கு மேலும் ஏற்றது என 1918-இல் ஜெர்மானிய மருத்துவர் வால்டர் ஃப்ரை அறிவித்தார்.

டில்லியில் பிறந்த மருந்து

ஹகீம் அஜ்மல் கான் (1868-1927) டில்லியின் புகழ்பெற்ற யூனானி மருத்துவர். 1921-இல் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தர். அவர் நிறுவிய திப்பியா கல்லூரியை 1921-இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். முன்னோர் மருந்துகளை நவீன வேதியியல் கொண்டு சோதிக்க வேண்டும் என்பது ஹகீமின் பெருவிருப்பம். ஜெர்மனியில் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீகீ என்னும் இளம் வேதியியலாளரை அப்பணிக்கு அவர் ஊக்குவித்தார். ஆயினும் அதன் பலனைக் காணுமுன்பே ஹகீம் மறைந்தார்.

சித்தீகீ பணியைக் கைவிடவில்லை. மனநோய்க்கும் பாம்புக்கடிக்கும் நாட்டு வைத்தியர்கள் கையாண்ட சர்ப்பகந்தா வேரை ஆராய்ந்து, 1931-இல் அதிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்குத் தம் பெயரைச் சூட்டாமல், மறைந்த ஹகீமின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். அதே வேரிலிருந்துதான் 1952-இல் இரத்தக் கொதிப்புக்கான ரெசர்பின் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது.

அஜ்மலின் என்ன செய்கிறது?

இருதயச் செல்லில் சோடியம் புகும் வாயில்களை அஜ்மலின் அடைக்கின்றது. அதனால் மின்னோட்டத்தின் வேகம் குறைந்து, மிகைத் துடிப்பு அடங்குகின்றது. 1992-இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த, திடீர் மரணம் விளைவிக்கும் பரம்பரை நோயொன்று சாதாரண ஈ.சி.ஜி.யில் மறைந்திருக்கக்கூடும். மருத்துவமனைக் கண்காணிப்பில் அஜ்மலினை நரம்பு வழியே செலுத்தினால் அதன் அடையாளம் வெளிப்படும். ஹகீமின் பெயர் இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் ஒலிப்பது இச்சோதனையால்தான்.

மருந்தே ஆபத்தாகும் வேளை

இத்தகைய மருந்துகளுக்கு மற்றொரு முகமும் உண்டு. மாரடைப்பிலிருந்து மீண்டோரின் சீரற்ற துடிப்பை அடக்கினால் ஆயுள் நீளும் என்று நம்பி ஃப்ளெகைனைடு, என்கைனைடு மருந்துகளை அமெரிக்காவில் ஆய்வு செய்தனர். மருந்து உண்டவர்களே அதிகமாக மாண்டதால், 1989-இல் அவ்விரு மருந்துகளும் ஆய்விலிருந்து நிறுத்தப்பட்டன. துடிப்பைத் திருத்தும் மருந்தே சிலருக்குத் துடிப்பைக் கெடுக்கும் என்ற உண்மை அன்று உறுதியாயிற்று. பெரிதும் பயன்படும் அமியோடரோன், அயோடின் மிகுந்தது. அதனை உண்போரின் தைராய்டு, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றையும் கவனித்துவர வேண்டும்.

இரவும் பகலும் ஷிப்ட் ஓடும் நமது பனியன் நகரில், டாக்டரைப் பார்க்க நேரமின்றிப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்குவோர் உண்டு. சற்றுக் குணமானதும் தாமாகவே நிறுத்துவோரும் உண்டு. இருதயத் துடிப்புக்கான மருந்தில் இவ்விரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ தோன்றினால் உடனே ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்க. குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருப்பின் அதையும் டாக்டரிடம் மறவாமல் கூறுக. மூலிகை மருந்து உண்பவராயின் அதையும் மறைக்கலாகாது. வேரிலிருந்து வந்ததாலேயே ஒரு மருந்து தீங்கற்றது ஆகிவிடாது. அதனைச் சோதித்தறிய வேண்டும் என்றே ஹகீம் அஜ்மல் கான் விரும்பினார்.