வீட்டிலேயே பீர் தயாரிக்கும் கணவருக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்? எதைத் தொடவே கூடாது?

பிறந்தநாள் நெருங்குது. உங்கள் கணவருக்கு வீட்டிலேயே பீர் தயாரிப்பதுதான் ஹாபி. சனிக்கிழமை ஆனால் போதும், அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறிடும், வீடு முழுக்க மால்ட் வாசனை. சரி, அதுக்கே ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம்னு ஆன்லைனில் தேடினால், பெயரே புரியாத நூறு கருவிகள் வந்து நிற்கும். கடைசியில் ஒரு டி-ஷர்ட்டோ, பெரிய கண்ணாடி மக்கோ வாங்கி முடித்துவிடுவோம்.

கொஞ்சம் கவனித்து வாங்கினால், 10 டாலர் பொருள்கூட அவருக்குப் பெரிய உதவியா இருக்கும். தப்பா வாங்கினால் காசும் போச்சு, ஆபத்தும் உண்டு. எதை வாங்கலாம், எது வேண்டாம்? பார்க்கலாம். மனைவிக்கு கிஃப்ட் தேடும் கணவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிக்க வழி திறந்தது, 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். 1979 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். இந்த அளவு வரை வரி கிடையாது. ஆனால் விற்கக் கூடாது. மாநிலங்களில் கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் இதை அனுமதித்தன.

பிரிட்டனில் 1963 முதல் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்த உபயோகத்துக்கு மட்டும் தயாரிக்கலாம்.

தமிழ்நாட்டில் கதையே வேற. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். தயாரிப்பதற்கான கருவிகளை வைத்திருப்பதும் குற்றம். அதனால் வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வரும்போது, "தம்பிக்கு கிஃப்ட்"னு இந்த செட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வராதீங்க.

பீர் எங்கே கெட்டுப்போகுது?

எப்படித் தயாரிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் என்ன வாங்கலாம் என்பது புரியும். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதைச் சுமார் 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அதில் ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும்.

நம்ம வீட்டு இட்லி மாவு மாதிரிதான். குளிர்ல புளிக்காது, வெயில்ல பொங்கி வழியும். பீரும் சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான். சுத்தம், வெப்பநிலை, அளவு. அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே உதவுகிற பொருள்தான் நல்ல கிஃப்ட்.

வாங்கும் முன் நோட்டம் விடுங்க

அவர் பாட்டிலில் அடைக்கிறாரா, கெக் எனும் உலோக உருளையில் நிரப்புகிறாரா? ஒரு தடவைக்கு எவ்வளவு தயாரிக்கிறார்? 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் என்பது வழக்கமான அளவு. அடிக்கடி என்ன சொல்லிப் புலம்புகிறார்? "ஆறவே மாட்டேங்குது", "இந்தத் தடவையும் புளிச்சுப் போச்சு" என்பதெல்லாம் உங்களுக்கான க்ளூ. அலமாரியை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், இருப்பதையே திரும்ப வாங்க மாட்டீங்க.

தைரியமா வாங்கக்கூடியவை

ஹைட்ரோமீட்டர்: பாலில் தண்ணீர் கலந்திருக்கா என்று பார்க்கும் லாக்டோமீட்டர் தெரியும்ல? அதன் உறவுக்காரர்தான். திரவத்தில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்று காட்டும். ஆரம்பத்தில் 1.050, முடிவில் 1.010 என்று காட்டினால் ஆல்கஹால் சுமார் 5.2 சதவீதம். மெல்லிய கண்ணாடி என்பதால் சட்டென்று உடையும். அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தாலும் இன்னொன்று வீணாகாது.

இது பாதுகாப்புக் கருவியும்கூட. நொதித்தல் முடியும் முன் பாட்டிலில் அடைத்தால், உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் அடைக்கலாம்.

டிஜிட்டல் தராசு: பாட்டிலில் நுரை வர, அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். 19 லிட்டருக்குச் சுமார் 110 முதல் 140 கிராம்தான். கண்ணளவில் அள்ளிப் போட்டால் வெடிக்கும் ஆபத்து இங்கேயும் இருக்கு. கிராம் கணக்கில் காட்டும் சின்ன தராசு போதும்.

சானிடைசர்: ஸ்டார் சான் மாதிரி, மறுபடி கழுவத் தேவையில்லாத வகை கிடைக்கிறது. பார்க்க கிஃப்ட் மாதிரியே இருக்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தேவைப்படும்.

டெம்பரேச்சர் கண்ட்ரோலர்: ஏல் வகை பீருக்கு பொதுவாக 18 முதல் 22 டிகிரி வேண்டும். லாகருக்கு 8 முதல் 13 டிகிரி. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தால், அதன் பிளக்கை இந்தக் கருவியில் செருகி வெப்பநிலையைச் சீராக வைக்கலாம். டெக்சாஸ், அரிசோனா மாதிரி வெயில் ஊர்களில் இருப்பவர்களுக்கு சரியான சாய்ஸ்.

வோர்ட் சில்லர்: சுருள் வடிவ செம்புக் குழாய். கொதிக்கும் பாத்திரத்தில் இறக்கி, உள்ளே குளிர்ந்த நீரை ஓடவிட்டால், மணிக்கணக்கில் ஆறுவது அரை மணி நேரத்தில் ஆறிவிடும்.

புத்தகம்: ஜான் பால்மர் எழுதிய 'ஹவ் டு ப்ரூ' இந்த ஹாபிக்காரர்களிடம் ரொம்பப் பிரபலம். நான்காம் பதிப்பு 2017-ல் வந்தது. அமெரிக்கன் ஹோம் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் உறுப்பினர் சந்தாவும் நல்ல கிஃப்ட்தான்.

இதெல்லாம் வேண்டாமே

• எல்லாம் ஒன்றாக உள்ள விலை உயர்ந்த எலக்ட்ரிக் மெஷின்: அவர் தயாரிக்கும் முறையையே மாற்றிவிடும். கேட்காமல் வாங்காதீங்க.

• பெரிய கண்ணாடி ஜாடி: 19 லிட்டர் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். ஈரக் கையில் வழுக்கி உடைந்தால் ஆழமான வெட்டுக்காயம் நிச்சயம்.

• பழைய ஹாப்ஸ், ஈஸ்ட்: திரவ ஈஸ்ட்டை ஃப்ரிட்ஜிலும், ஹாப்ஸை காற்றுப் புகாமல் ஃப்ரீசரிலும் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் பீரோவில் ஒளித்து வைத்துக் கொடுக்கும் பொருள் இல்லை.

• வடிக்கும் கருவி: மேலே சொன்ன அனுமதி பீருக்குத்தான். காய்ச்சி வடிக்கும் சாராயத்துக்கு அது பொருந்தாது.

எத்தனை நாளுக்கு முன்னாடி கொடுக்கணும்?

விசேஷ நாளில் அவர் கையால் தயாரித்த பீர் மேசையில் இருக்கணும்னா, பொருட்களை ஐந்து வாரத்துக்கு முன்பே கொடுத்துடுங்க. தயாரிக்க ஒரு நாளில் பாதி போகும். நொதிக்கச் சுமார் இரண்டு வாரம், பாட்டிலில் நுரை சேர இன்னும் இரண்டு வாரம்.

செலவே இல்லாத கிஃப்ட்

இந்த ஹாபியில் பாதி வேலை பாத்திரம் கழுவுவதுதான். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீங்க எடுத்துக்கிட்டு, "இன்னைக்கு முழுக்க கிச்சன் உங்களுக்குத்தான்"னு சொல்லிப் பாருங்க. சாயங்காலம் பாட்டில் கழுவவும் கூட நின்னீங்கன்னா, மனுஷன் அதை மறக்கவே மாட்டார்.

ஒரே ஒரு விஷயம். அவர் குடியைக் குறைக்க முயற்சி செய்துகொண்டிருந்தால், இந்தப் பட்டியலில் எதுவுமே அவருக்கு வேண்டாம். அந்த நேரத்தில் கூட இருப்பதுதான் பெரிய பரிசு.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும்.)