பினைல்கீட்டோனூரியா

பினைல்கீட்டோனூரியா பரம்பரையாக வரும் வளர்சிதை மாற்றக் கோளாறு. 12ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு பழுதுபடுவதால், புரதத்திலுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் நொதி செயலிழக்கிறது. இரத்தத்தில் தேங்கும் பினைல்அலனின் வளரும் மூளையைச் சிதைக்கிறது. சிகிச்சை பெறாத குழந்தைக்குக் கடும் அறிவுத்திறன் குறைபாடும் வலிப்பும் நடத்தைக் கோளாறுகளும் ஏற்படும். பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934இல் இந்நோயைக் கண்டறிந்தார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அறிவுத்திறன் குறைந்தோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்ட காலம் அது. பரம்பரைக் குறையை மாற்றவே முடியாது என்பதே அக்கொடுமைக்குக் கூறப்பட்ட நியாயம். அந்த நம்பிக்கையைத் தகர்த்தது ஓர் உணவுமுறை. 1950களின் தொடக்கத்தில் ஹோர்ஸ்ட் பிக்கலும் உடன் பணியாற்றியோரும் பினைல்அலனின் குறைந்த உணவால் ஒரு குழந்தையின் நிலை தேறுவதைக் காட்டினர். 1960களில் இந்நோயை அறிய ராபர்ட் கத்ரி உருவாக்கிய பரிசோதனைக்கு, பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து சில துளி இரத்தமே போதும்.

பிறந்த சில நாட்களிலேயே உணவுக் கட்டுப்பாடு தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாக அமையும். மரபணு மாறுவதில்லை, விளைவு மாறுகிறது. கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும் தேவை. இந்நோயுள்ள பெண் கருவுற்றிருக்கையில் அதைக் கைவிட்டால், நோயில்லாத சிசுவின் மூளையும் பாதிக்கப்படும்.